எழுத்தைத் தின்ற பிள்ளை

விஜயதசமிக் காலை. உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயில் மண்டபம் முழுக்கப் பச்சை அரிசி வாசம். வரிசையாகப் பித்தளைத் தட்டுகள். தட்டுக்கு ஒரு குழந்தை, குழந்தைக்கு ஒரு மடி. சில குழந்தைகள் அழுதன. சில தூங்கின. ஒன்று தகப்பனின் பட்டு வேட்டியை நனைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

எல்லாம் மூன்று வயதுக் குழந்தைகள். அவர்களுக்கு நடுவே தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் மகள் தர்சி நின்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"நான் இருக்க மாட்டன்."

"இருந்து ஒரு 'அ' எழுதிப்போட்டு எழும்பு பிள்ளை. ஒரு நிமிசம்தானே," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார் பவளம் மச்சாள். மச்சாள் என் கணவரின் அக்கா. தர்சிக்கு மாமி.

"விடுங்கோ மாமி. எல்லாரும் பாக்கினம்."

உண்மைதான், எல்லோரும் பார்த்தார்கள். தர்சியின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தம்பியின் ஏடு தொடக்கலுக்கு வந்திருந்தாள். அவள் தாயின் சேலைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கையை எடுத்துவிட்டு "என்ன சிரிப்பு?" என்று கேட்கலாமா என்று எனக்குப் பொங்கியது. என் வாய் சும்மா இருக்காது என்பது வாராவாரம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அன்று அதுவே பூட்டிக் கிடந்தது.

என் கணவர் யோகன் வேட்டியும் தோளில் சால்வையுமாக நின்றார். மகளைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. அரிசித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஏடு தொடக்கல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதுவரைக்கும் அவள் அந்தத் தூணைப் பிடித்தபடி நிற்கட்டும்.

ஒரு பிடி பச்சை அரிசி

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மூன்று வயதானால் ஏடு தொடக்குவார்கள். தகப்பனோ தாய்மாமனோ மடியில் வைத்துக்கொள்ள, குருக்கள் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவிப்பார். அதற்குப் பிறகுதான் பிள்ளை பென்சிலைத் தொடலாம் என்பது முறை. தர்சி அதற்கு முன்பே எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு இடம் விடாமல் கீறி வைத்திருந்தாள் என்பது வேறு கதை.

அவளுக்கும் மூன்று வயதில் செய்தோம். தகப்பன் மடியில் நல்ல பிள்ளையாக இருந்தாள். விரலைக் கொடுத்தாள். 'அ' எழுதி முடிந்தது. குருக்கள் விரலை விட்ட அடுத்த கணம், எழுத்து இருந்த இடத்திலேயே ஒரு பிடி அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டாள். வாயைத் திறக்க வைப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மீதியைக் கறுக்முறுக்கென்று மென்றாள்.

"பிள்ளைக்குப் பசிபோல," என்று குருக்கள் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பவளம் மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை.

"எழுதின எழுத்தையெல்லோ திண்டிட்டாள்," என்றார்.

அன்றைக்கு அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு வயிறு வலிக்குமோ என்பதுதான் என் கவலை. வலிக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் போய், தர்சிக்கு எழுத்து ஏறவில்லை என்று தெரிந்தபோது அந்த ஒரு பிடி அரிசி எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "நான் அண்டைக்கே சொன்னனான். எழுத்து வயித்துக்குள்ள போட்டுது. பிறகெப்பிடித் தலைக்குள்ள நிக்கும்?" என்று மச்சாள் கேட்பார். நான் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை செய்தவள். வகை வகையான நியாயங்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவள். இந்த நியாயத்தை எந்தக் கோப்பில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மானுக்கு ஊட்டிய பாடம்

எங்கள் ஊர் மான்களுக்குக் காடு பிடிக்காது. பஸ் நிலையமும் கடற்கரையும் பள்ளிக்கூட வாசலும்தான் பிடிக்கும். வாழைப்பழத் தோல், பாண் துண்டு, ஷொப்பிங் பை எல்லாவற்றையும் மென்றபடி வீதியில் நிற்கும். வாகனக்காரர் ஹோர்ன் அடித்தால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு தர்சி கடற்கரைப் பக்கத்து மரத்தடியில் எனக்காகக் காத்திருப்பாள். நான் கந்தோர் முடிந்து வந்து கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு நாள் வந்து பார்க்கிறேன், பெரிய கொம்பன் மான் ஒன்று அவள் முன்னால் நிற்கிறது. அவள் மடியில் தமிழ்ப் பாடப்புத்தகம். ஒவ்வொரு தாளாகக் கிழித்து, அவசரமே இல்லாமல், சோறு தீத்துகிற மாதிரி அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி செய்யிறாய்?"

"அதுக்குப் பசிக்குது அம்மா."

"அதுக்குப் பசிச்சா உன்ர புத்தகமே சாப்பாடு?"

"எனக்கு அது தேவையில்லத்தானே," என்றாள். "நான் மொக்கு."

மொக்கு என்றால் எங்கள் ஊரில் படிப்பு ஏறாத மண்டை. அதை அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அணைத்துத் தேற்றியிருப்பேன். அழவில்லை. யாரோ பெயரைக் கேட்டதற்குப் பெயரைச் சொன்ன மாதிரிச் சொன்னாள். மான் அடுத்த தாளுக்குக் கழுத்தை நீட்டியது.

அதற்குள் நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கண் டொக்டர் பார்த்துவிட்டு, என்னைவிட அவளுக்குக் கண் நல்லது என்றார். தினமும் வல்லாரைச் சம்பல் கொடுத்தோம். வல்லாரையை விதம் விதமாக வெறுக்க மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டாள். ரியூசனுக்கு விட்டோம். அங்கே விரல் முட்டியில், கோடு கீறுகிற அடிமட்டத்தால் அடி விழுந்தது. அடுத்த நாளே நிறுத்தினேன். நிறுத்தும்போது அந்த வாத்தியாருக்கு நான் சொன்னதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

வகுப்பு ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டில கொஞ்சம் கண்டிச்சு வையுங்கோ. வாய் மட்டும் நல்லா இருக்கு, எழுத்துத்தான் இல்ல. பஞ்சிப்படுறா," என்றார். பஞ்சி என்றால் சோம்பல். சோம்பல் பிடித்த பிள்ளையா, கழன்று விழுந்த மேசைவிசிறியைத் தனியாகக் கழற்றிப் பூட்டி ஓட வைக்கும்? எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடி, கடலில் போகிற படகு யாருடையது என்று எஞ்சின் சத்தத்தை வைத்துச் சொல்லும்? பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அதே பாடத்தைப் புத்தகத்தில் காட்டி வாசிக்கச் சொன்னால் முகம் வெளிறிவிடும்.

"எழுத்து ஒரு இடத்தில நிக்குதில்ல அம்மா. ஓடுது," என்பாள்.

'தெரு' என்று எழுதியிருக்கும். அதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் சத்தம் பின்னால் வருகிறது. நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவள் அந்தக் கொம்பைப் பார்த்ததும், முன் கதவு பூட்டிய வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றுவிடுவாள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து ஒரு வரி எழுதுவதற்குள் ரீச்சர் பலகையை அழித்துவிடுவார்.

அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்பது பிள்ளைகள் எழுதுவது, தாய்மாருக்குப் பைத்தியம் பிடிப்பது. தர்சியை வகுப்பின் பின் வரிசை வாங்கில் இருத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"நவராத்திரி வாணி விழா முடிஞ்ச பிறகு நான் பள்ளிக்கூடம் போகேல்ல," என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை. முடிவைச் சொன்னாள். என் கணவர் கையைச் சோற்றில் வைத்தபடி அவளையே பார்த்தார். பிறகு சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார்.

கிண்ணியாவில் ஒரு வீடு

கந்தோரில் கூட வேலை செய்த ஒரு பிள்ளைதான் பரீனா ரீச்சரைப் பற்றிச் சொன்னது. கிண்ணியாவில் இருக்கிறா, இப்படியான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவென்றே பயிற்சி எடுத்தவ என்று. பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனோம்.

ரீச்சருக்கு என்னைவிட வயது குறைவு. வந்த பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கவில்லை. முதலில் நன்னாரி சர்பத் கொடுத்தா. பிறகு தன் கோழிகளின் பெயர்களைச் சொன்னா. தர்சியிடம் கதை கேட்டா. தர்சி துறைமுகத்துக்கு வந்த ஒரு கோதுமைக் கப்பலின் கதையை அரை மணி நேரம் சொன்னாள்.

"சரி புள்ள, இப்ப ஒரு விளையாட்டு. 'படகு' எண்டு சொல்லு. அதில முதல் எழுத்தை எடுத்திட்டா மிச்சம் என்ன?"

தர்சி முழித்தாள். படகைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு, 'படகு' என்ற சொல்லின் சத்தத்தைப் பிரிக்கத் தெரியவில்லை. ரீச்சர் தலையை ஆட்டினா. வேறு சொற்களும் கேட்டா. பிறகு அவளைக் கோழி பார்க்க அனுப்பிவிட்டு என்னைக் குசினிக்குள், அடுப்படிப் பக்கம், கூட்டிக்கொண்டு போனா.

"அக்கா, இந்தப் புள்ள மொக்கில்ல. நல்ல மூளை. இதுக்கு டிஸ்லெக்சியா எண்டு பேர். இது நோயில்ல, இதுக்கு மருந்துமில்ல. எழுத்தும் சத்தமும் ஒண்டுசேர மத்தப் புள்ளைகளுக்குப் பாலம் இரிக்கி. இவக்குப் பாலம் இல்ல. பாலம் கட்ட முந்தி நாங்க டவுணுக்கு எப்படிப் போன? படகிலதானே. நேரம் பிடிச்சிச்சு. ஆனா போய்ச் சேந்தம்தானே?"

நான் அந்தக் குசினியில், ஒரு அந்நிய வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். யாருமே அதுவரைக்கும் அவளுக்கு நல்ல மூளை என்று சொன்னதில்லை. சொன்னது நான் ஒருத்திதான். தாய் சொன்னால் யார் நம்புவார்கள்?

"நான் படிப்பிக்கிறன். ஆனா ஒண்டு," என்றா ரீச்சர். "திரும்ப 'அ'வில இருந்து தொடங்கணும். ஒம்பது வயசுப் புள்ளைக்கு அது வெக்கமா இரிக்கும். புள்ள தானா வந்து இருக்கணும். இழுத்துட்டு வந்து இருத்தினா எனக்கு ஒண்டும் செய்ய ஏலா."

திரும்பி வரும் பஸ்ஸில் தர்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நான் என்ன பேபியோ, 'அ' படிக்க? போகமாட்டன்."

அவ்வளவுதான். கதவு சாத்தியாயிற்று. அவள் தானாக வந்து இருப்பாளா இல்லையா என்பதில்தான் எல்லாமே தொங்கியது. நேரம் பார்த்து, பவளம் மச்சாளுக்கு அந்தப் பழைய அரிசி ஞாபகம் வந்தது. திரும்ப ஏடு தொடக்க வேண்டும், அதுவும் இந்த விஜயதசமிக்கே, குருக்களிடம் சொல்லியும் ஆயிற்று என்று வந்து நின்றார்.

நான் பாய்ந்தேன். "உங்களுக்கென்ன விசரே மச்சாள்? ஊருக்கு முன்னால அந்தப் பிள்ளையை இன்னும் வெக்கப்படுத்தவே?"

இவர்தான் என்னைத் தடுத்தார். "அக்கா ஆசைப்படுறா. ஒருக்காச் செய்து பாப்பம்." தாய் செத்த பிறகு இவரை வளர்த்தவர் பவளம் மச்சாள். அக்காவின் சொல்லுக்கு இவர் வீட்டில் மறுசொல் கிடையாது. மூன்று நாள் நான் இவருடன் கதைக்கவில்லை.

இவரும் இவருடைய கண்ணாடியும்

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

இவர் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துவந்து கட்டுகிற படகில் வேலை. கை ஒவ்வொன்றும் நிலம் கிண்டுகிற அலவாங்கு மாதிரி. பேச்சு குறைவு. தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னால் அந்தப் பக்கம் கேட்கும், அப்படி ஒரு குரல்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். பின்னேரம் வேலையால் வந்து சாப்பாட்டில் இருந்ததும் பேப்பரை என்னிடம் நீட்டுவார். "நீ வாசி. நான் சாப்பிட்டுக்கொண்டு கேக்கிறன்." நான் வாசிப்பேன். அரசியல், விபத்து, மரண அறிவித்தல் எல்லாம். என் குரலில் அவ்வளவு பிரியம் என்று நினைத்திருந்தேன். தங்கச்சிமாரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஏதோ கடையில் வாங்கிய ஒரு கண்ணாடி வைத்திருந்தார், வெளியே போனால் அது மறந்துவிடும். பாங்கில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடக் கூட்டத்தில், "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், ஒருக்கா வாசியும்," என்பார். பிரமோசன் பரீட்சைக்கு மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னபோதும், "எனக்குக் கயிறு போதும், கதிரை வேண்டாம்," என்று வந்துவிட்டார். ஆசையில்லாத மனிசன் என்று எனக்குக் கோபம். பக்கத்து வீட்டாருக்கு அவர் ஞானி.

இப்போது கோயிலுக்குத் திரும்புவோம். தர்சி இன்னும் தூணை விடவில்லை.

தட்டுக்கு முன்னால்

மச்சாள் இழுக்க, பிள்ளை தூணை இன்னும் இறுக்கிக்கொள்ள, குருக்கள் தட்டுக்கு முன்னால் காத்திருந்தார். பின்னால் நின்ற யாரோ, "வளந்த பிள்ளைக்கு ஏடு தொடக்கினமோ?" என்று கேட்டார்கள். தர்சியின் காது சிவந்ததைக் கண்டேன். போதும், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று நான் காலை எடுத்து வைத்தேன்.

அப்போதுதான் இவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். நடந்து போய், மகளுக்கென்று வைத்திருந்த தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு இருந்தார். மூன்று வயதுக் குழந்தைகளின் வரிசையில், அந்தப் பெரிய உடம்போடு.

"ஐயா, முதல்ல எனக்குத் தொடக்கி வையுங்கோ."

குருக்கள் சிரித்தார். "என்ன யோகன், பகிடியே?"

"பகிடி இல்ல ஐயா. எனக்கும் வாசிக்க ஏலாது."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நான் சொன்னேனே, அந்தக் குரல் தண்ணீரைத் தாண்டுகிற குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இவளுக்கு ஓடுற மாதிரித்தான் எனக்கும் எழுத்து ஓடினது. ஒவ்வொரு நாளும் அடி. கடைசியில பள்ளிக்கூடத்தை விட்டிட்டுத் தோணி ஏறினனான். இவ்வளவு காலமும் கண்ணாடி கண்ணாடி எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன். இவக்கும் தெரியாது," என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்லாததை இப்படிச் சபையில் போட்டு உடைக்கிறாரே என்று. அடுத்த மூச்சிலேயே அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பெண்சாதிக்குக்கூடச் சொல்லக் கூசிய ஒன்றை, தெருவில் நாளைக்கு முகம் பார்த்துப் பழக வேண்டிய இத்தனை பேருக்கு முன்னால், அந்த மனிசன் எடுத்து வைக்கிறார். எதற்காக? தூணடியில் நிற்கிற அந்தப் பிள்ளை தனியாக நிற்கக் கூடாது என்பதற்காக. என் வாழ்க்கையில் அவ்வளவு துணிச்சலை நான் பார்த்ததில்லை.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. குருக்கள் நல்ல மனிதர். மறுபேச்சுப் பேசாமல் கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்த விரலைப் பிடித்தார். அரிசியில் 'அ' எழுதுவித்தார்.

விரலை விட்டதும் இவர் ஒரு பிடி அரிசியை அள்ளினார். வாய்க்குள் போட்டு மென்றார்.

"அக்கா, பாருங்கோ. இப்ப நானும் திண்டிட்டன்," என்றார். பிறகுதான் மகளைப் பார்த்தார். "வாறியே பிள்ளை? தனிய இருக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு."

தர்சியின் கை தூணிலிருந்து கழன்றது. யாரும் இழுக்கவில்லை. நடந்து வந்தாள். மடியில் ஏறவில்லை, பக்கத்தில் சம்மணம் போட்டு இருந்தாள். தட்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்கட 'அ' கோணல்."

"அப்ப நீ எழுதிக் காட்டு."

உள்ளங்கையால் அரிசியைப் பரவி மட்டமாக்கினாள். குருக்கள் கையைப் பிடிக்க வந்தபோது, "வேண்டாம் ஐயா, நான் எழுதுவன்," என்றாள். தட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு பெரிய 'அ' எழுதினாள்.

தூணடியில் பவளம் மச்சாள் சரிந்து இருந்துவிட்டார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "உனக்கு ஏடு தொடக்கேல்லையடா தம்பி. அம்மா செத்த வருசம். எனக்கும் சின்ன வயசு, ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. அதாலதான் உனக்குப் படிப்பு வரேல்ல எண்டு நான் இவ்வளவு நாளும்... பிள்ளைக்கும் அப்பிடி ஆகக் கூடாதெண்டுதான்..."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தம்பி அடி வாங்கி வந்த நாள்களெல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டுதான் அவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்கிறார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்தேன். அவருடைய கையை நான் அதற்கு முன் பிடித்ததே இல்லை.

"அதாலயில்ல பிள்ளை," என்றார் குருக்கள். "அப்பிடியெண்டாலும் என்ன, இண்டைக்குத் தொடக்கியாச்சு."

இரண்டு மாணவர்

அடுத்த சனிக்கிழமை பரீனா ரீச்சர் வீட்டுக்குப் போனபோது தர்சியே முன்னால் நடந்தாள். பின்னால் இவர்.

"வாப்பாவும் படிக்கவா?" என்று ரீச்சர் கண்ணை விரித்தா. பிறகு சிரித்துக்கொண்டு இன்னொரு கதிரை இழுத்துப் போட்டா.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மணல் தட்டில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி, ஒரே எழுத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கொம்பை மட்டும் சிவப்பில் எழுதப் பழக்கினா ரீச்சர். இன்றைக்குப் படித்தது நாளைக்குப் போய்விடும். இவர் ஒருமுறை பென்சிலை முறித்துக் கோழிக்கூட்டுக்குள் எறிந்துவிட்டார். அதைப் பொறுக்கி வந்து கொடுத்தவள் தர்சி. இவர் அவளைவிட மெதுவாகத்தான் படித்தார். அதில் அவளுக்குப் பரம சந்தோசம். பின்னேரங்களில் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் ஈர மணலில் ஆளுயரத்துக்கு எழுத்து எழுதுவார்கள். வலை இழுக்க வருகிறவர்கள் சுற்றிப் போவார்கள்.

அன்று மண்டபத்தில் நின்றவர்களுக்குள் ஒருவர்கூட இவரைக் கேலி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தார்கள். "என்ன யோகன், எந்த வகுப்பு?" என்பார்கள். "பேபி கிளாஸ்," என்று இவர் கையைக் காட்டிவிட்டுப் போவார்.

பள்ளிக்கூடச் சண்டை என் பங்கு. அவளைப் பின் வாங்கில் வைக்கக் கூடாது, அவள் கேட்காமல் வகுப்பு முன் எழுப்பி வாசிக்க விடக் கூடாது, பலகையை அழிக்க முன் அவளைப் பார்க்க வேண்டும். நான் அங்கே போன போக்கில், என்னைக் கண்டாலே காவலாளி கேற்றைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பார். கடைசியில் அதே வகுப்பு ரீச்சரே பரீனா ரீச்சரிடம் போய், என்ன செய்யலாம் என்று கேட்டுவந்தார். அந்த மனதுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

புலமைப்பரிசிலில் தர்சி சித்தியடையவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். பிறகு பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையில் தமிழுக்குச் சாதாரண சித்தி, ஆகக் குறைந்த தேர்ச்சி. சாதாரணமாம்! அந்தச் சித்திக்காக நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். இப்போது படகு எஞ்சின் திருத்துகிற பயிற்சி படிக்கிறாள். வகுப்பில் ஒரே பெண். எஞ்சின் புத்தகத்தை வரிக்கு அடியில் அடிமட்டம் வைத்து வாசிக்கிறாள். மெதுவாகத்தான். எஞ்சினுக்கு அவசரமில்லை.

இவர் பிரமோசன் பரீட்சை எழுதவில்லை. ஆனால் பஸ்ஸில் போனால் நிலாவெளி வரைக்கும் உள்ள கடைப் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிக்கிறார். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் காது வலிக்கிறது.

ஒருவர் ஒரு பந்தி

இந்த அத்தியாயத்தை இரண்டு பேரும் வாசித்துச் சரி சொல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். போன சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் ஒரு பந்தி, அதாவது ஒரு பத்தி, வாசிப்பது என்று பேச்சு. நான் அடுப்படியில் மீன் கறி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை அது. எனக்கும் அவசரம் இல்லை.

மான் கதையில் தர்சி குறுக்கிட்டாள். "அம்மா, முழுப் புத்தகமும் குடுக்கேல்ல. படமிருந்த பக்கத்தை வச்சிட்டுத்தான் குடுத்தனான்."

பேப்பர் வாசிக்கிற இடம் வந்ததும் இவர் நிறுத்தினார். "இஞ்சாரும். உம்மட குரலுக்காகவும்தான் கேட்டனான். அதையும் எழுதும்."

எழுதிவிட்டேன்.

தட்டு வருகிற பந்தி இவருடைய முறையில் விழுந்தது. விரலை வரியின் கீழ் வைத்து ஒவ்வொரு சொல்லாக வந்தார். 'ஐயா, முதல்ல எனக்குத் தொடக்கி வையுங்கோ.' அதை வாசித்தார். 'பகிடி இல்ல ஐயா.' அதையும் வாசித்தார். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

இவருக்கு இப்போது வயது போனதால் வந்த உண்மையான கண்ணாடி இருக்கிறது. அதைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். போட்டுப் பார்த்தார். திரும்பக் கழற்றினார்.

"கண்ணாடி சரியில்ல," என்றார்.

"தாங்கோ அப்பா," என்று தர்சி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் விரல் நின்ற இடத்தில் தன் விரலை வைத்தாள். "நான் வாசிக்கிறன்."

'எனக்கும் வாசிக்க ஏலாது,' என்று அவள் சத்தமாக வாசித்தாள். அங்கேயிருந்து கடைசி வரைக்கும் அவளே வாசித்தாள். கறி அடிப்பிடித்த மணம் வந்தது. நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.